தைவான் படங்களில் குடும்பம், குற்றம், பேய்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தைவான் படம் பார்க்கத் தொடங்கியவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு என்னால் முடிந்த பதில்கள் இவை. கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் வந்த படங்களைப் பற்றியே அதிகம் பேசியிருக்கிறேன். படங்களின் முடிவை எங்கும் சொல்லவில்லை. 'டிடென்ஷன்' பற்றிய பதிலில் மட்டும் கதையின் ஒரு முடிச்சு வருகிறது. அந்தப் படத்தைப் பார்க்காதவர்கள் அந்தப் பதிலைத் தாண்டிப் போய்விடுங்கள்.

குடும்பக் கதை, குற்றக் கதை, பேய்க் கதை மூன்றும் தைவானில் ஏன் ஒன்றோடொன்று கலந்தே வருகின்றன?

அங்கே செத்தவர் குடும்பத்தை விட்டுப் போய்விடுவதில்லை. பல வீடுகளில் முன்னோர் பெயர் எழுதிய பலகை பூஜை மாடத்தில் இருக்கும். ஊதுவத்தி ஏற்றி, பழம் வைத்துக் கும்பிடுவார்கள். வாரிசு இல்லாமல் செத்தவர்களுக்கும் அகாலமாகச் செத்தவர்களுக்கும் அப்படி ஒரு பலகை கிடைக்காது. அவர்கள் அலைவார்கள் என்பது நம்பிக்கை. சந்திர நாட்காட்டியின் ஏழாம் மாதத்தில் வீட்டு வாசலிலும் கடை வாசலிலும் மேசை போட்டுச் சாப்பாடு படைப்பது இவர்களுக்காகத்தான். பேய் என்று வாய்விட்டுச் சொல்லாமல் 'நல்ல சகோதரர்கள்' என்று மரியாதையாகக் குறிப்பிடுவார்கள்.

ஆக, அந்த ஊர் கதைகளில் பேய் என்பது பெரும்பாலும் வீட்டில் இடம் கிடைக்காத ஒரு சொந்தம். அப்படி ஒருவரை உருவாக்குவது ஒரு கொலையோ, விபத்தோ, காட்டிக்கொடுத்தலோ. குற்றப் படத்தை எடுத்துக்கொண்டாலும் இதே கணக்குதான். யார் செய்தார் என்பதை அவர்கள் சீக்கிரமே சொல்லிவிடுவார்கள். அதன் கடனை வீட்டில் யார் அடைக்கப் போகிறார்கள் என்பதில்தான் படம் நிற்கும். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் கீழே வரும் படங்கள் எல்லாம் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் என்று தெரிந்துவிடும்.

முதலில் எந்தப் படத்தைப் பார்க்கலாம்?

'எ சன்'. 2019இல் வந்தது, இயக்கியவர் சுங் மொங்-ஹொங். அந்த ஆண்டு தைவானின் பெரிய திரைப்பட விருது விழாவான கோல்டன் ஹார்ஸில் சிறந்த படம், இயக்குநர், நடிகர் விருதுகளை வாங்கியது. ஆஸ்காரின் வெளிநாட்டுப் படப் பிரிவில் கடைசி 15 படங்கள் பட்டியல் வரை போனது. நெட்ஃப்ளிக்ஸில் வெளியானதால் உலகம் முழுக்கப் பலரும் பார்த்த படம்.

'எ சன்' வெட்டு குத்தோடு தொடங்குகிறதே, அது குற்றப் படம்தானே?

தொடக்கத்தைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். கொட்டும் மழை. மழைக்கோட்டு போட்ட இரண்டு பையன்கள் மோட்டார் சைக்கிளில் வந்து ஓர் உணவகத்துக்குள் நுழைகிறார்கள். ஒருவன் அரிவாளை எடுத்து, சாப்பிட்டுக்கொண்டிருக்கும் பையனின் கையை வெட்டுகிறான். வெட்டுப்பட்ட கை கொதிக்கும் சூப்பில் போய் விழுகிறது. எல்லாம் சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. மீதி இரண்டரை மணி நேரம் முழுக்க அந்தக் கைக்கான கணக்கு.

வெட்டியவனோடு கூடப் போன ஆ-ஹோவின் வீட்டில் நாம் போய் உட்கார்ந்துகொள்கிறோம். அப்பா ஆ-வென் டிரைவிங் ஸ்கூலில் பயிற்சியாளர். நேரத்தைப் பிடித்துக்கொள், திசையை நீயே தீர்மானி என்பது பள்ளியின் வாசகம். அதையே வீட்டிலும் ஓதுகிறவர். நீதிமன்றத்தில் மகனுக்குப் பரிந்து பேச வேண்டிய இடத்தில், அவனை உள்ளே தள்ளுங்கள் என்கிறார். பிள்ளைகள் எத்தனை பேர் என்று யாராவது கேட்டால், டாக்டருக்குப் படிக்கத் தயாராகும் மூத்தவன் ஆ-ஹாவை மட்டும் கணக்கில் சொல்கிறார். கை போன பையனின் அப்பா நஷ்ட ஈடு கேட்டு டிரைவிங் ஸ்கூலுக்கே வந்து நிற்கிறார். பணம் வராது என்றதும் கழிவுநீர் லாரியைக் கொண்டுவந்து அங்கேயே பீய்ச்சி அடிக்கிறார். அம்மாவோ, ஆ-ஹோவால் கர்ப்பமாகி வந்து நிற்கும் பதினைந்து வயதுப் பெண்ணை வீட்டில் சேர்த்துக்கொண்டு, சத்தமில்லாமல் வேலையைப் பார்க்கிறாள்.

நான் மறுபடி மறுபடி போட்டுப் பார்க்கும் இடம் ஆ-ஹாவ் ஒரு பெண்ணுக்குச் சொல்லும் கதை. தண்ணீர்ச் சாடிக்குள் விழுந்த பிள்ளையைக் காப்பாற்ற, சிறுவன் சிமா குவாங் கல்லால் சாடியை உடைத்தான் என்பது சீனப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரிந்த பழங்கதை. ஆ-ஹாவ் அதைத் திருப்பிப் போடுகிறான்: ஒளிந்து விளையாடும்போது எல்லாரும் கிடைத்த பிறகும் இன்னும் ஒருவன் மீதி இருக்கிறான் என்று சிமா குவாங் அடம்பிடிக்கிறான், சாடியை உடைத்தால் உள்ளே இருட்டில் உட்கார்ந்திருப்பது சிமா குவாங்கே. அந்தப் பகுதி அனிமேஷனில் வருகிறது. நல்ல பிள்ளை என்று எல்லாராலும் சொல்லப்பட்டவன், ஒளிந்துகொள்ள ஒரு நிழல்கூட இல்லாமல் தவிப்பதை இதைவிடக் கனிவாகச் சொல்ல முடியாது.

அப்புறம் வீட்டில் ஒரு சாவு விழுகிறது. செத்தவர் கனவில் வருகிறார். பயமுறுத்த அல்ல, பக்கத்தில் இருக்க. பேய்ப் படம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், ஆனாலும் அந்தக் கனவுக்குப் பிறகு அப்பாவின் நடை மாறிவிடுகிறது. மலையுச்சியில் அவர் மனைவியிடம் பேசும் காட்சியை நீங்களே பாருங்கள்.

ஒரு சின்னத் தகவல்: பெயர்ப் பட்டியலில் ஒளிப்பதிவாளராக 'நகாவோ நகாஷிமா' என்று வரும் ஜப்பானியப் பெயர் சுங் மொங்-ஹொங்கின் புனைபெயர். கேமராவைப் பிடித்தவரும் அவர்தான்.

அவருடைய மற்ற படங்கள்?

'சோல்' (2013) பார்க்க வேண்டியது. குடும்பம், குற்றம், பேய் மூன்றும் பிரிக்க முடியாமல் இருக்கும் படம் அதுதான். தைப்பேயில் சமையல் வேலை பார்க்கும் ஓர் இளைஞன் மயங்கி விழுகிறான். மலையில் தனியாக வாழும் அப்பாவிடம் கொண்டுவந்து விடுகிறார்கள். கண் விழித்தவன் தன் மகன்தானா, மகனின் உடம்பில் புகுந்த வேறு யாரோவா என்று அப்பாவுக்குத் தெரியவில்லை. அதற்குள் வீட்டில் ஒரு கொலை. யாராக இருந்தாலும் என் பிள்ளையின் உடம்பு என்று கிழவர் காப்பாற்றத் தொடங்குகிறார். அந்தக் கிழவராக நடித்தவர் 1960களின் வாள்சண்டைப் படங்களில் கொடிகட்டிப் பறந்த ஜிம்மி வாங் யூ. அதிகம் பேசாமலே மிரட்டியிருப்பார்.

'தி ஃபால்ஸ்' (2021) கொரோனா காலத்தில் பூட்டிய வீட்டுக்குள் ஓர் அம்மாவும் மகளும். குற்றமும் இல்லை, பேயும் இல்லை. அம்மாவின் மனம் உடைந்து அவள் காதில் கேட்பவைதான் பேய். இதுவும் கோல்டன் ஹார்ஸில் சிறந்த படம்.

'சோல்' என்ற பெயரில் இரண்டு படம் தேடலில் வருகிறதே?

ஆமாம், குழப்பிக்கொள்ளாதீர்கள். மேலே சொன்னது 2013. 'தி சோல்' 2021இல் வந்தது, செங் வெய்-ஹாவ் இயக்கம். 2032இல் நடக்கும் அறிவியல் புனைவுக் கொலை விசாரணை. அதில் புற்றுநோயோடு விசாரணை நடத்தும் அரசு வழக்கறிஞராக வரும் சாங் சென்னுக்குச் சிறந்த நடிகர் விருது கிடைத்தது.

'மேரி மை டெட் பாடி' படத்தில் வரும் பேய்க் கல்யாணம் நிஜமாகவே உண்டா?

வழக்கம் உண்டு. கல்யாணம் ஆகாமல் செத்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டு முன்னோர் மாடத்தில் இடம் கிடையாது. புகுந்த வீட்டில்தான் அவளுக்கு இடம் என்பது பழைய முறை. புகுந்த வீடே இல்லாதவளுக்கு யார் ஊதுவத்தி ஏற்றுவது? அதனால் அவளுடைய முடி, நகம், போட்டோ போன்றவற்றைச் சிவப்பு உறையில் போட்டுத் தெருவில் வைத்துவிட்டுக் குடும்பத்தார் மறைந்து நின்று பார்ப்பார்கள். எடுக்கும் ஆண்தான் மாப்பிள்ளை. ஒரு குடும்பம் செத்த மகளுக்கு வீடு தேடும் ஏற்பாடு அது. நமக்கு விசித்திரமாகத் தெரியலாம், அதற்குள் இருக்கும் பரிவைக் கவனியுங்கள்.

செங் வெய்-ஹாவ் 2023இல் எடுத்த இந்தப் படம் அந்த வழக்கத்தை ஒரே ஒரு இடத்தில் மாற்றுகிறது: செத்தவன் ஓர் ஆண், தன்பால் ஈர்ப்புள்ளவன். கல்யாணம் செய்துகொள்ளும் ஆசையோடு ஒரு வாகனம் மோதிச் செத்துப்போனவன். அவனுக்காக உறையைத் தெருவில் வைக்கச் செய்கிறவள் அவன் பாட்டி. எடுப்பவன் தன்பால் ஈர்ப்பாளர்களைக் கண்டாலே முகம் சுளிக்கும் ஒரு போலீஸ்காரன். ஆசியாவில் முதன்முதலாக, 2019 மே 24 அன்று தன்பால் திருமணம் சட்டப்படி நடைமுறைக்கு வந்த நாடு தைவான். ஆனால் சட்டம் வந்தாலும் வீட்டில் அப்பா ஒத்துக்கொள்ள வேண்டுமே. போதைப்பொருள் கும்பல், துரத்தல், சிரிப்பு என்று ஓடும் கதை கடைசியில் அப்பாவுக்கும் மகனுக்கும் இடையே பேசப்படாமல் கிடந்த ஒரு விஷயத்தில் வந்து நிற்கிறது. அழாமல் பார்த்தவர் யாரையும் எனக்குத் தெரியாது. தைவானில் மட்டும் 36 கோடித் தைவான் டாலருக்கு மேல் வசூல்.

'தி டேக்-அலாங்' படத்தின் சிவப்புச் சட்டைச் சிறுமி உண்மையா?

கதை பரவியது உண்மை. 1990களின் இறுதியில் தைசுங் பக்கத்து மலையில் ஏறிய ஒரு குடும்பம் எடுத்த வீடியோவில், வரிசையின் கடைசியில் யாருக்கும் தெரியாத ஒரு சிவப்பு உடைச் சிறுமி நடந்துவருவதாகத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். நாடே பேசியது. அதன் பின்னால் இன்னும் பழைய நம்பிக்கை ஒன்று இருக்கிறது: மலையில் மனிதர்களை வழிதவறச் செய்யும் 'மோ-சின்-ஆ'. நல்ல சாப்பாடு என்று காட்டிப் புல்லையும் பூச்சியையும் தின்ன வைக்கும் என்பார்கள். வயதானவர்கள் மலையில் காணாமல்போய்த் திரும்பி வந்தால் இன்றைக்கும் இந்தப் பேச்சு எழும்.

2015இல் இதைப் படமாக்கியபோது செங் வெய்-ஹாவ் செய்த நல்ல காரியம், முதலில் ஒரு பாட்டியைக் காணாமல் போகச் செய்தது. பேரன் நகரத்தில் வீடு விற்கும் தரகன். வேலை, கடன், கல்யாணம் என்று அலைகிறான். பாட்டி சமைத்து வைத்த சாப்பாடு அப்படியே இருக்கிறது, பாட்டி எப்போதிலிருந்து இல்லை என்பதே அவனுக்குத் தெரியவில்லை. பயம் அங்கேயே தொடங்கிவிடுகிறது. காடும் சிறுமியும் பிறகுதான். இரண்டாம் பாகம் (2017) முழுக்க அம்மாக்களையும் மகள்களையும் பற்றியது. புலித்தெய்வம் இறங்கி ஆடும் ஒரு சாமியாடி இளைஞன் அதில் வருகிறான். எனக்கு முதல் பாகத்தைவிட அதுதான் பிடிக்கும்.

இதே மாதிரி ஊர் வழக்கத்திலிருந்து வந்தது 'தி ரோப் கர்ஸ்' (2018). சாங்ஹுவா கடலோரத்தில், தூக்குப் போட்டுச் செத்தவரின் ஆவியைக் கயிற்றோடு ஊர்வலமாகக் கொண்டுபோய்க் கடலோரத்தில் வழியனுப்பும் சடங்கு இருக்கிறது. ஊர்வலம் போகும் வழியில் கதவைச் சாத்திக்கொள்வார்கள், யாரும் யார் பெயரையும் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். சடங்கு அளவுக்குப் படம் இல்லை.

'இன்கன்டேஷன்' உண்மைச் சம்பவமா? பார்த்தால் ஏதாவது ஆகுமா?

ஒன்றும் ஆகாது. 2005இல் கௌசியுங்கில் ஒரு குடும்பத்தார், தங்கள் மேல் சாமிகள் இறங்கியிருப்பதாக நம்பி ஒருவரையொருவர் அடித்துக்கொண்டதில் மூத்த மகள் இறந்துபோனாள். அந்தச் செய்திதான் இயக்குநர் கெவின் கோவுக்குத் தூண்டுகோல். படத்தில் வரும் 'தாய்-புத்தர்' என்ற தெய்வமும் மந்திரமும் முழுக்கக் கற்பனை.

2022இல் வந்த இந்தப் படம், வீட்டு வீடியோ மாதிரி கேமராவை நம் கையில் கொடுத்துவிட்டுத் தொடங்குகிறது. ஆறு வருடம் முன்பு காதலன் குடும்பத்தின் மலைக் கிராமத்தில் போகக்கூடாத ஒரு சுரங்கத்துக்குப் போனவள், காப்பகத்தில் வளர்ந்த மகளை இப்போது வீட்டுக்குக் கூட்டிவருகிறாள். என் பிள்ளைக்காக நீங்களும் இந்த மந்திரத்தைச் சொல்லுங்கள் என்று நம்மைப் பார்த்துக் கெஞ்சுகிறாள். பிள்ளைக்காகத் தாய் என்ன வேண்டுமானாலும் செய்வாள் என்பதை நாம் எப்போதும் நல்லதாகவே கேட்டிருக்கிறோம். அந்த 'என்ன வேண்டுமானாலும்' அடுத்த வீட்டுக்காரருக்கு என்ன செய்யும் என்று இந்தப் படம் கேட்கிறது. பூச்சி, புண், பல் போன்றவற்றைப் பார்க்க முடியாதவர்கள் தவிர்த்துவிடுங்கள்.

'டிடென்ஷன்' புரிய வரலாறு தெரிய வேண்டுமா? (கதை முடிச்சு உண்டு)

கொஞ்சம் தெரிந்தால் நல்லது. 1949 மே 20 முதல் 1987 ஜூலை 15 வரை, 38 ஆண்டுகள், தைவானில் இராணுவச் சட்டம் இருந்தது. 'வெள்ளைப் பயங்கரம்' என்று அந்தக் காலத்தைச் சொல்வார்கள். தடைசெய்த புத்தகம் வைத்திருந்தால் சிறை. மரண தண்டனைகூட உண்டு. யார் யாரைக் காட்டிக்கொடுப்பார்கள் என்று தெரியாத காலம். 'டிடென்ஷன்' 1962இல் ஒரு மலைப்பள்ளியில் நடக்கிறது. ஆசிரியர்களும் சில மாணவர்களும் ரகசியமாகக் கூடித் தடைசெய்த புத்தகங்களைக் கையால் படியெடுத்துப் படிக்கிறார்கள். ரெட் கேண்டில் கேம்ஸ் 2017இல் வெளியிட்ட கணினி விளையாட்டை வைத்து ஜான் ஷு எடுத்த முதல் முழுநீளப் படம் இது. 2019 கோல்டன் ஹார்ஸில் ஐந்து விருதுகள்.

பள்ளிக்கூடத்தில் அலையும் பேய் இராணுவ உடையில், கையில் விளக்கோடு வருகிறது. ஆனால் என்னை உலுக்கியது வீட்டுக் காட்சி. நாயகியின் அப்பா அம்மாவை அடிக்கிறவர். ஒரு நாள் அம்மா அவரை அதிகாரிகளிடம் மாட்டிவிடுகிறாள். அவர்கள் வந்து அழைத்துப்போகிறார்கள். வீடு அமைதியாகிவிடுகிறது. வேண்டாதவரை அப்புறப்படுத்த இப்படி ஒரு வழி இருக்கிறது என்று அந்தப் பெண் தன் வீட்டில்தான் கற்றுக்கொள்கிறாள். பிறகு பொறாமை வந்தபோது, அதே வழி அவளுக்குத் தோன்றுகிறது. அரசாங்கத்தின் குற்றம் ஒரு வீட்டுச் சமையலறை வழியாகப் பள்ளிக்கூடத்துக்குள் நுழைவதை இவ்வளவு துல்லியமாகக் காட்டிய பேய்ப் படம் வேறு நான் பார்த்ததில்லை.

அந்தக் காலத்தைப் பற்றிய புதிய படம் சென் யூ-ஷுன் இயக்கிய 'எ ஃபாகி டேல்' (2025). சுட்டுக் கொல்லப்பட்ட அண்ணனின் உடலை வாங்கிவரத் தைப்பேக்குத் தனியாகப் போகும் ஒரு சிறுமியின் கதை.

இதெல்லாம் புதுசா, இல்லை முந்தைய தலைமுறை இயக்குநர் எட்வர்ட் யாங் காலத்திலேயே உண்டா?

பேயை விட்டுவிட்டால், அவரிடம் எல்லாமே இருக்கிறது. 'எ பிரைட்டர் சம்மர் டே' (1991) நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. 1961இல் தைப்பே குலிங் தெருவில் ஒரு மாணவன் ஒரு மாணவியைக் குத்திக் கொன்ற நிஜ வழக்கு அதன் ஆதாரம். கொலைக்கு முன்னால் அந்தப் பையனின் அப்பாவை இரகசியப் போலீஸ் கூட்டிப்போய் நாட்கணக்கில் எழுதச் சொல்லி விசாரிப்பார்கள். நேர்மையாக இரு, பள்ளிக்கூடத்தில் அநியாயம் நடந்தால் எதிர்த்துக் கேள் என்று மகனுக்குச் சொன்ன மனிதர் வளைந்துபோய்த் திரும்பி வருவார். மகன் அதைப் பார்க்கிறான். 'எ சன்' படத்தின் அப்பா இந்த அப்பாவின் வாரிசு. படத்தில் மகனாக அறிமுகமானவர் சாங் சென். அப்பாவாக நடித்தவர் அவருடைய சொந்த அப்பா சாங் குவோ-சூ.

'தி கிரேட் புத்தா ப்ளஸ்' கறுப்பு வெள்ளையில் ஏன் இருக்கிறது?

ஏழைகளின் வாழ்க்கை கறுப்பு வெள்ளை, பணக்காரர்களின் வாழ்க்கை வண்ணம். புத்தர் சிலை செய்யும் பட்டறையின் இரவுக் காவல்காரனும், பழைய பொருள் பொறுக்கும் அவன் நண்பனும் பொழுதுபோகாமல் முதலாளி காரின் டேஷ்கேமரா பதிவுகளைப் போட்டுப் பார்க்கிறார்கள். அந்தப் பதிவுகள் மட்டும் வண்ணத்தில் வருகின்றன. சிரித்துச் சிரித்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு கொலை கண்ணில் படுகிறது. பார்த்ததைச் சொன்னால் யார் நம்புவார்கள், சொன்ன பிறகு இவர்கள் கதி என்ன? ஆவணப்பட இயக்குநராக இருந்த ஹுவாங் ஷின்-யாவ் 2017இல் எடுத்த முதல் கதைப்படம். அவரே தைவானிய மொழியில் பின்னணியில் பேசிக்கொண்டு வருவார். குடும்பம் இல்லாத ஒருவன் செத்தால் சடங்குக்கு வைக்க ஒழுங்கான போட்டோகூட இருக்காது என்பதை இந்தப் படத்தில் பார்க்கும்போது நெஞ்சு அடைக்கும். கடைசிக் காட்சியை ஒலியைக் கூட்டி வைத்துக் கேளுங்கள்.

என்ன மொழி பேசுகிறார்கள்?

பெரும்பாலும் மாண்டரின், வீட்டுப் பெரியவர்களும் கிராமத்தாரும் ரவுடிகளும் தைவானிய ஹொக்கியன். ஒரே குடும்பத்தில் பாட்டி ஒன்றில் பேச, பேரன் மற்றொன்றில் பதில் சொல்வான். இராணுவச் சட்டக் காலத்தில் பள்ளியில் ஹொக்கியன் பேசினால் தண்டனை உண்டு. இன்று படங்களில் அதைக் கேட்பது அதனாலேயே ஒரு சந்தோஷம்.

அம்மா, பாட்டி பாத்திரங்கள் எல்லாம் தியாகிகள்தானா?

'தி போல்ட், தி கரப்ட் அண்ட் தி பியூட்டிஃபுல்' (2017) பார்த்தால் இந்தக் கேள்வி மறந்துபோகும். பழம்பொருள் வியாபாரம் செய்யும் ஒரு விதவை, மகள், சின்னப் பெண் என்று மூன்று தலைமுறை. அதிகாரிகளுக்கும் நிலத் தரகர்களுக்கும் இடையே நாசூக்காகப் பேரம் முடித்துக் கொடுக்கும் வீடு. ஒரு குடும்பமே கொல்லப்படும்போது, பாட்டி கையில் தேநீர்க் கோப்பை அசையவில்லை. யாங் யா-ச்சே இயக்கம். ஹாங்காங் சண்டை நடிகை காரா ஹுயிக்குச் சிறந்த நடிகை விருது. அதை விடப் பெரிய ஆச்சரியம் சின்னப் பெண்ணாக வரும் விக்கி சென்.

மறுபுறம், சென் ஷு-ஃபாங். 2020இல் 81 வயதில், ஒரே இரவில், 'லிட்டில் பிக் விமன்' படத்துக்குச் சிறந்த நடிகை, 'டியர் டெனன்ட்' படத்துக்குச் சிறந்த துணை நடிகை என இரண்டு கோல்டன் ஹார்ஸ் வாங்கியவர். முதல் படத்தில் ஓடிப்போன கணவனின் சாவை எதிர்கொள்ளும் தைனான் அம்மா. இரண்டாவதில், மகனின் காதலனால் பராமரிக்கப்படும் நோயாளிப் பாட்டி. அந்தப் பாட்டி செத்ததும் பராமரித்தவன்மேலேயே கொலைப் பழி விழுகிறது. இரத்த சொந்தமும் இல்லை, சட்ட சொந்தமும் இல்லை என்றால் அன்பைக்கூடச் சந்தேகப்படுவார்கள் என்று காட்டும் படம்.

'தி பிக், தி ஸ்னேக் அண்ட் தி பிஜின்' எப்படி?

நல்ல விறுவிறுப்பு. தேடப்படும் கொலைகாரர்கள் பட்டியலில் தான் மூன்றாவது என்று தெரிந்த ஒருவன், முதல் இரண்டு பேரையும் முடித்துவிட்டுப் பெயர் வாங்கக் கிளம்புகிறான். ஹாங்காங் இயக்குநர் எடுத்த தைவான் படம். ஆசிரமக் காட்சி மிக வன்முறையானது. இந்தக் கல்நெஞ்சனுக்கும் ஒரு பாட்டி இருக்கிறாள்.

சிரிக்கவைக்கும் பேய்ப் படம்?

'டெட் டேலண்ட்ஸ் சொசைட்டி' (2024), மறுபடியும் ஜான் ஷு. உயிரோடிருப்பவர்களைப் பயமுறுத்திப் பெயர் வாங்காத பேய்கள் மெல்ல மறைந்துவிடும் என்பது அங்கே விதி. பயமுறுத்தவே தெரியாத ஒரு புதுப் பேய்ப் பெண், பேய் உலகத்து நட்சத்திரங்களிடம் பயிற்சிக்குச் சேர்கிறாள். நீ சிறப்பானவள் என்று சொல்லிச் சொல்லி வளர்த்த வீட்டிலிருந்து வந்தவள். அவளாக நடித்த ஜிங்கில் வாங்தான் 'டிடென்ஷன்', 'தி ஃபால்ஸ்' இரண்டிலும் மகள். 'மேரி மை டெட் பாடி'யில் போலீஸ். அவர் பின்னாலேயே போனால் இந்தப் பக்கத்தில் நான்கு படங்களைப் பார்த்துவிடலாம்.

பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்க எது ஏற்றது?

சின்னப் பிள்ளைகளோடு என்றால் இவற்றில் எதுவும் வேண்டாம். பதின்வயதுப் பிள்ளைகள் இருந்தால் 'டெட் டேலண்ட்ஸ் சொசைட்டி'. ரத்தம் கொஞ்சம் தெறிக்கும், ஆனால் விளையாட்டாகத்தான். பெரியவர்கள் எல்லாரும் சேர்ந்து பார்க்க 2025இல் வந்த 'லெஃப்ட்-ஹேண்டட் கேர்ள்'. தைப்பே இரவுச் சந்தையில் கடை போடும் அம்மா, அவளுடைய இரண்டு மகள்கள். சின்னவள் இடது கைக்காரி. இடது கை பிசாசின் கை என்று தாத்தா மிரட்டிவைக்க, அப்படியானால் தப்பு செய்வது நான் இல்லை, இந்தக் கைதான் என்று முடிவுசெய்து அந்தக் கையால் மட்டும் திருடத் தொடங்குகிறாள். ஷி-சிங் சோ இயக்கி, ஐபோனில் எடுத்த படம். பேய், குற்றம், குடும்பம் மூன்றும் ஓர் ஐந்து வயதுக் குழந்தையின் கைக்குள் அடங்கிவிடுகின்றன. வயது வந்தவர்களுக்கான பேச்சும் உடலுறவு சம்பந்தப்பட்ட சில இடங்களும் உண்டு என்பதால் முதலில் நீங்கள் பார்த்துவிட்டு, அப்புறம் வீட்டில் போடுங்கள்.